ஹெர்பி ஹான்காக்: ஒரே ஆளா, ஏழெட்டுப் பேரா?

கட்டைவிரல் எழுதியது:

வணக்கம். நான் ஜாஸ் கேட்க ஆரம்பித்து இரண்டு வருடம்தான் ஆகிறது. வீட்டில் ஒரு பழைய கீபோர்டு இருக்கிறது. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அதைத் தட்டிக்கொண்டிருப்பேன், அவ்வளவுதான் என் தகுதி.

போன வாரம் ஹெர்பி ஹான்காக்கின் 'கேண்டலூப் ஐலண்ட்' கேட்டுக்கொண்டே தூங்கிப்போனேன். பாட்டு தானாக அடுத்தடுத்து ஓடியிருக்கிறது. விழித்துப் பார்த்தால் இயந்திரத் தாளம், நடுவில் இசைத்தட்டைப் பிடித்து முன்னும் பின்னும் தேய்க்கிற கிர்க் கிர்க் சத்தம். யாரடா இது என்று பெயரைப் பார்த்தேன். அதுவும் ஹெர்பி ஹான்காக்! 'ராக்கிட்', 1983. முதலில் கேட்டது 1964.

இரண்டு சந்தேகம். இவரை எங்கே ஆரம்பிப்பது? அப்புறம், "எதையும் வாசிப்பார்" என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது பாராட்டுதானா? இல்லை, காற்றுள்ளபோதே தூற்றிக்கொண்டவர் என்பதை மரியாதையாகச் சொல்கிறார்களா?

பழந்தட்டு எழுதியது:

தம்பி, நல்ல கேள்வி. 1973 வரைக்கும் வந்ததை வாங்குங்கள். அதற்குப் பிறகு வந்ததைக் கல்யாணப் பரிசாக யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மனிதர் எங்கிருந்து வந்தார் என்று பாருங்கள். 1940-இல் சிகாகோவில் பிறந்தவர். 11 வயதில் சிகாகோ சிம்பொனி இசைக்குழுவோடு மேடையேறி மொசார்ட்டின் பியானோ கன்செர்ட்டோவில் ஒரு பகுதி வாசித்தார். ட்ரம்பெட் வாசிக்கும் டொனால்ட் பேர்ட் அவரை நியூயார்க்குக்கு அழைத்துப்போனார். 1962-இல் ப்ளூ நோட் என்கிற இசைத்தட்டுக் கம்பெனியில் முதல் தட்டு, 'டேக்கின் ஆஃப்'. மறு வருடமே ட்ரம்பெட் மேதை மைல்ஸ் டேவிஸ் கூப்பிட்டுவிட்டார்.

அந்தக் கதையே தனி அழகு. மைல்ஸ் தன் வீட்டுக்கு இவர்களை வரவழைத்தார். ரான் கார்ட்டர் பேஸ், டோனி வில்லியம்ஸ் ட்ரம்ஸ். டோனிக்கு அப்போது 17 வயதுதான். மைல்ஸ் கொஞ்சம் ஊதினார், ட்ரம்பெட்டைக் கீழே வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டார். அடுத்து வந்த நாட்களிலும் இவர்களேதான் வாசித்துக்கொண்டிருந்தார்கள். மாடியில் இன்டர்காம் வழியாக மைல்ஸ் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது ஹெர்பிக்குப் பிறகுதான் தெரியும். கடைசியில் ஸ்டுடியோவுக்கு வரச் சொன்னார். "அப்படியென்றால் நான் உங்கள் பேண்டில் சேர்ந்துவிட்டேனா?" என்று ஹெர்பி கேட்டதற்கு, ரெக்கார்டு போட வந்திருக்கிறாய் அல்லவா என்கிற மாதிரி ஒரு பதில்.

'எம்பிரியன் ஐல்ஸ்', 'மெய்டன் வாயேஜ்' இரண்டையும் முதலில் கேளுங்கள். உங்கள் 'கேண்டலூப்' 'எம்பிரியன் ஐல்ஸ்' தட்டில்தான் இருக்கிறது. பிறகு மைல்ஸோடு வாசித்த 'நெஃபர்டிட்டி'. அதில் தலைப்புத் துண்டில் ட்ரம்பெட்டும் சாக்ஸபோனும் ஒரே மெட்டைத் திரும்பத் திரும்ப ஊதிக்கொண்டே இருக்கும், கீழே பியானோவும் ட்ரம்ஸும்தான் தலைகால் புரியாமல் ஆடும். இதற்கு மேல் ஒரு பியானோக்காரன் என்ன சாதிக்க வேண்டும்?

ஒருவரிக்காரன் எழுதியது:

சார் 1973-இல் கடையைச் சாத்திச் சாவியைக் கிணற்றில் போட்டவர். கண்டுகொள்ளாதீர்கள்.

ஈயக்கம்பி எழுதியது:

கிணற்றில் இறங்கிச் சாவியை எடுக்க நான் தயார்.

பழந்தட்டு சார் ஒன்றை விட்டுவிட்டார், வேண்டுமென்றே விட்டாரோ என்னவோ. ஹெர்பி அயோவாவில் கிரின்னல் கல்லூரியில் முதலில் சேர்ந்தது எலெக்ட்ரிகல் இன்ஜினியரிங் படிக்க. எனக்கு இதுதான் அவரைத் திறக்கிற திறவுகோல். நான் சர்க்யூட் போர்டும் கையுமாக இருக்கிற ஆள், அதனால் அப்படித் தோன்றலாம்.

1968-இல் ஒரு நாள் மைல்ஸின் ரெக்கார்டிங்குக்குப் போகிறார். பியானோவைக் காணோம். மூலையில் ஃபெண்டர் ரோட்ஸ் எலெக்ட்ரிக் பியானோ ஒன்று கிடக்கிறது. நான் எதை வாசிப்பது என்றால், அதை வாசி என்கிறார் மைல்ஸ். இந்தப் பொம்மையையா என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டே ஒரு கார்டு (பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் அழுத்துவது) வைத்துப் பார்த்திருக்கிறார். பிடித்துப்போய்விட்டது. சத்தத்தைக் கூட்டினால் டோனியின் ட்ரம்ஸுக்கு ஈடுகொடுக்க முடிகிறதே என்பது ஒரு சந்தோஷம்.

அன்றிலிருந்து சந்தைக்கு வந்த பெட்டி ஒன்றையும் விடவில்லை. கிளாவினெட், ஆர்ப் ஒடிஸி, பாடுகிற குரலை இயந்திரக் குரலாக்கும் வோகோடர், ஃபேர்லைட் என்று வரிசையாக. 1983-இல் 'செசமி ஸ்ட்ரீட்' நிகழ்ச்சியில் குழந்தைகளுக்கு ஃபேர்லைட் கணினியைக் காட்டிக்கொண்டிருப்பார், தேடிப் பாருங்கள். ஒரு சிறுமியின் பெயரைச் சொல்லவைத்துப் பதிவுசெய்து, அந்தக் குரலையே கட்டைகளில் மேலும் கீழும் வாசிப்பார். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, இவர் காசுக்காகத்தான் எலெக்ட்ரிக் பக்கம் போனார் என்று யாராவது சொல்லட்டும்.

நாலுக்குநாலு எழுதியது:

காசு விஷயத்தில் கணக்கைச் சரியாகப் பார்ப்போம்.

மைல்ஸை விட்டு வந்ததும் இவர் அமைத்தது ஆறு பேர் பேண்ட். (விட்டு வந்தார் என்பதுகூட அரைகுறைதான். 1968-இல் தேனிலவுக்குப் பிரேசில் போனார், சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் படுத்துவிட்டார், திரும்பி வர நாளாகிவிட்டது. அதற்குள் அந்த இடத்தில் இன்னொரு பியானோக்காரர், சிக் கொரியா!) அந்த ஆறு பேரும் ஆளுக்கொரு ஸ்வாஹிலிப் பெயர் வைத்துக்கொண்டார்கள். ஹெர்பியின் பெயர் 'ம்வாண்டிஷி', எழுதுபவர் என்று பொருள். பேண்டுக்கும் அதுவே பெயராகிவிட்டது. பிறகு பேட்ரிக் க்ளீசன் சிந்தசைசரோடு ஏழாவது ஆளாகச் சேர்ந்தார்.

அந்த இசை எப்படி இருக்கும் என்றால், தாளம் இதோ பிடிபட்டுவிட்டது என்று நினைக்கும்போது நழுவும். இருபது நிமிஷம் ஒரே துண்டு. வானத்தில் மிதப்பவர்களுக்கு விருந்து, கடைக்காரருக்கு வயிற்றெரிச்சல். தட்டு விற்கவில்லை. சாமான்களோ வண்டி வண்டியாக. பேண்டை ஓட்ட முதலாளி தன் கைக்காசைப் போட்டார். எந்தக் காசு? 'வாட்டர்மெலன் மேன்' பாட்டுக்கு வந்துகொண்டிருந்த ராயல்டி.

காற்றுள்ளபோது தூற்றுகிறவன் செய்கிற காரியமா இது?

கட்டைவிரல் எழுதியது:

முதல் தட்டில் வந்த பாட்டுக்கு அவ்வளவு ராயல்டியா? பொதுவாகக் கம்பெனிதானே எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளும்?

பழந்தட்டு எழுதியது:

இந்தக் கதையைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு, இது 1973-க்கு முந்தையது.

டொனால்ட் பேர்ட் விவரமான மனிதர். ப்ளூ நோட்டுக்குப் போகும் முன்பே ஹெர்பிக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டார்: உன் பாட்டின் பதிப்புரிமையை அவர்கள் கேட்பார்கள், ஏற்கெனவே என் சொந்தக் கம்பெனியில் போட்டுவிட்டேன் என்று சொல். அப்போது அப்படி ஒரு கம்பெனியே கிடையாது. ஹெர்பி போனார், அவர்கள் கேட்டார்கள், இவர் ஒப்பித்தார். அப்படியானால் தட்டு போடுவது கஷ்டம் என்றார்கள். 22 வயதுப் பையன் எழுந்து கதவு வரைக்கும் போய்விட்டான். சரி வா, உரிமையை நீயே வைத்துக்கொள் என்று கூப்பிட்டார்கள்.

பாட்டு எங்கிருந்து வந்தது என்றால், சிகாகோவில் அவர் வளர்ந்த தெருவில் தர்பூசணி விற்கிறவரின் வண்டி. கல் பாவிய சந்தில் குதிரை வண்டிச் சக்கரம் உருளும் தாளம் அடியில் ஓடும். மேலே வருகிற மெட்டு, பின்வாசலிலிருந்து பெண்கள் அவரைக் கூப்பிடுகிற குரல். பியூட்டிஃபுல்.

பிறகு மோங்கோ சாண்டமரியா என்கிற கியூபக் கொங்கா மேள வித்வானின் பேண்டில் சில நாள் ஹெர்பி மாற்று ஆளாக வாசித்தார். ஒரு நாள் இடைவேளையில் பேர்டும் மோங்கோவும் கியூப இசைக்கும் அமெரிக்கக் கறுப்பர் இசைக்கும் பாலம் எது என்று பேசிக்கொண்டிருக்க, உன் பாட்டை வாசித்துக் காட்டு என்று பேர்ட் இவரைத் தள்ளிவிட்டார். வாசிக்க வாசிக்க ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டார்கள். கிளப்பில் இருந்த ஜனம் எழுந்து ஆட ஆரம்பித்துவிட்டது. 1963-இல் மோங்கோவின் தட்டு நாடு முழுக்கப் பெரிய ஹிட். உரிமை யாரிடம்? ஹெர்பியிடம். அந்தக் காசில் அதே வருடம் ஒரு ஷெல்பி கோப்ரா கார் வாங்கினார், பல பத்தாண்டு கழித்தும் அதை விற்கவில்லை.

ஆக, காசு விவரம் அவருக்கு ஆரம்பத்திலிருந்தே உண்டு. அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. 1973-இல் அவர் போட்ட ஃபங்க் (ஆடவைக்கிற தாளமே உயிரான கறுப்பர் இசை) தட்டு 'ஹெட் ஹன்டர்ஸ்' எனக்குப் பிடிக்காததற்குக் காரணம் வேறு. ஒரே பேஸ் வரியைப் பதினைந்து நிமிஷம் அரைப்பதற்கு இவ்வளவு பெரிய கை எதற்கு?

நாலுக்குநாலு எழுதியது:

அரைக்கிறாரா? சார், ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு அந்தத் தட்டின் 'கமீலியன்' கேட்டீர்களா? நான் கல்யாண வீடுகளில் மெல்லிசைக் குழுவுக்குக் கீபோர்டு வாசிக்கிறவன், பிரித்துக் காட்டுகிறேன்.

முதலில் வருகிற பேஸ் வரி இருக்கிறதே, உலகத்தில் எல்லா பேஸ் கிட்டார்காரர்களும் ஒத்திகையில் வாசித்துப் பார்ப்பது, அது பேஸ் கிட்டாரே இல்லை. ஹெர்பி ஆர்ப் ஒடிஸி சிந்தசைசரில் வாசித்தது. அப்புறம் ஹார்வி மேசனின் ட்ரம்ஸ் உட்காருகிறது. அடுத்து கிட்டார் மாதிரி மேலே ஒன்று சுரண்டும். அதுதான் பேஸ் கிட்டார், பால் ஜாக்சன் மேல் ஸ்தாயியில் வாசிக்கிறார். இன்னொரு கிட்டார் மாதிரி வெட்டி வெட்டி விழுவது ஹெர்பியின் கிளாவினெட். அந்தத் தட்டில் கிட்டார்காரரே கிடையாது. சொல்லப்போனால் யாரும் அவரவர் வீட்டில் இல்லை. பெயருக்கேற்ற பச்சோந்தி.

இரண்டே கார்டு என்பது உண்மை. அதனால்தான் எங்கே அடிக்கிறோம், எங்கே கையை எடுக்கிறோம் என்பது வெட்டவெளிச்சமாகத் தெரியும். நாலு பேர் ஒருவர் விட்ட சந்தில் மற்றவர் நுழைகிறார்கள். ஒருவர் அரை மாத்திரை அதிகம் பேசினாலும் கட்டடம் சரியும். பாதிக்கு மேல் அந்த பேஸ் வரி போய்விடும், தளம் மாறும், ரோட்ஸில் ஒரு நீண்ட சோலோ வரும். அது நீங்கள் கும்பிடுகிற அதே 1965 ஹெர்பிதான்.

அப்புறம் இது யாரோ கம்பெனிக்காரர் சொல்லிச் செய்ததும் அல்ல. அவருக்கு ஸ்லை ஸ்டோனின் ஃபங்க் இசைமேல் பைத்தியம். அந்தத் தட்டில் ஒரு துண்டுக்கு 'ஸ்லை' என்றே பெயர். பழைய பேண்டிலிருந்து சாக்ஸபோன்காரர் பென்னி மாபினை மட்டும் வைத்துக்கொண்டு, ஃபங்க் வாசிக்கத் தெரிந்தவர்களாகத் தேடிப் பிடித்தார். ஃபங்க் வாசிக்கிற ஜாஸ்காரர்கள் வேண்டாம், ஜாஸும் தெரிந்த ஃபங்க்காரர்கள் வேண்டும் என்பது கணக்கு. பேண்ட் தலைவன் வேலையில் பாதி அங்கேயே முடிந்துவிடுகிறது.

பழந்தட்டு எழுதியது:

ரோட்ஸ் சோலோவைத் திரும்பக் கேட்கிறேன். வாக்கு.

ஆனால் எழுபதுகளின் கடைசியில் வந்த டிஸ்கோ தட்டுகளை எந்த வக்கீல் வாதாடுவார்? 'ஃபீட்ஸ் டோன்ட் ஃபெயில் மீ நவ்' 1979. பாடத் தெரியாத மனிதர் வோகோடர் வழியாகப் பாடுகிறார்! நான் மட்டும் புலம்பவில்லை. 1985-இல் ஒரு இசைப் பத்திரிகை ஹெர்பியையும் ட்ரம்பெட்காரர் வின்டன் மார்சாலிஸையும் எதிரெதிரே உட்காரவைத்து இதைத்தான் வாதாடவிட்டது. ஜாஸ் ஒரு கலை, அதைப் பாப்புக்குக் கீழே கொண்டுபோகக் கூடாது என்பது வின்டன் கட்சி.

ஈயக்கம்பி எழுதியது:

டிஸ்கோவுக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன், எனக்கும் தாங்காது. 'சன்லைட்'டில் இருக்கிற 'ஐ தாட் இட் வாஸ் யூ' மட்டும் விதிவிலக்கு.

ஆனால் அந்த வின்டனின் முதல் தட்டைத் தயாரித்ததில் பங்கு யாருக்கு? ஹெர்பிக்கு. 1981-இல் பத்தொன்பது வயது வின்டனைத் தன் பேண்டில் சேர்த்துக்கொண்டு டோக்கியோவில் 'குவார்டெட்' பதிவுசெய்ததும் இவரே. கூடவே ரான் கார்ட்டர், டோனி வில்லியம்ஸ். முழுக்க முழுக்க மின்சாரம் இல்லாத ஜாஸ். அதற்கு இரண்டு வருடம் கழித்து 'ராக்கிட்'. 1976-இலிருந்து வி.எஸ்.ஓ.பி. என்று பழைய மைல்ஸ் கூட்டாளிகளோடு ட்ரம்பெட்காரர் ஃப்ரெடி ஹப்பர்டைச் சேர்த்துக்கொண்டு வாசித்தார். 1978-இல் சிக் கொரியாவோடு இரண்டே பியானோ வைத்து ஊர் ஊராகக் கச்சேரி. டிஸ்கோ தட்டும் அதே வருடங்களில்தான். 1973-இல் கடையைச் சாத்தினால் இதெல்லாம் உள்ளே வராமல் போகுமே சார்.

'ராக்கிட்' பற்றி ஒரு வார்த்தை. பில் லாஸ்வெல், மைக்கேல் பெய்ன்ஹார்ன் என்று இரண்டு இளைஞர்கள் நியூயார்க்கில் தாளத்தை ஓரளவு கட்டிவிட்டார்கள், இசைத்தட்டைத் தேய்த்தவர் டி.எஸ்.டி. ஹெர்பி அதன்மேல் கீபோர்டு வைத்தார். வீடியோவில் மனிதர் முழுசாக வரவே மாட்டார், ரோபோக்களின் வீட்டில் ஒரு டிவி பெட்டிக்குள் மட்டும் தெரிவார். அப்போதெல்லாம் எம்டிவி கறுப்பர்களின் வீடியோக்களை அவ்வளவாகப் போடாது, அதனால் வேண்டுமென்றே தன்னைப் பின்னால் வைக்கச் சொன்னதாக அவரே சொல்லியிருக்கிறார். 1984-இல் எம்டிவியின் முதல் விருது விழாவில் அந்த வீடியோவுக்கு ஐந்து விருது.

ஒருவரிக்காரன் எழுதியது:

1987 ஆஸ்கரில் 'ரவுண்ட் மிட்நைட்' பட இசைக்காக இத்தாலிய இசையமைப்பாளர் மோரிகோனேயைத் தோற்கடித்தாரே, அதை மட்டும் நான் மன்னிக்கவில்லை.

மழைக்காலம் எழுதியது:

இவ்வளவு நேரமும் எல்லோரும் பெட்டிகளையும் வருடங்களையும் பேசுகிறீர்கள். அவர் காதைப் பற்றி யாரும் பேசவில்லை.

ஸ்டுட்கார்ட் கதை தெரியாதவர்களுக்காக: அறுபதுகளில் மைல்ஸ் பேண்டோடு ஜெர்மனியில் கச்சேரி. 'ஸோ வாட்' போய்க்கொண்டிருக்கிறது, உச்சத்தில். மைல்ஸ் தன் சோலோவில் இருக்கிறார். ஹெர்பி ஒரு கார்டு வைக்கிறார், அப்பட்டமான தப்பு. இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாராம். மைல்ஸ் ஒரு நொடி மூச்சை நிறுத்தி, பிறகு சில ஸ்வரங்கள் ஊதினார். அந்த ஸ்வரங்களோடு சேர்ந்ததும் ஹெர்பியின் கார்டு சரியாகிவிட்டது. அதை மைல்ஸ் தப்பாகவே கேட்கவில்லை, நடந்துவிட்ட ஒன்றாகக் கேட்டார் என்று புரிந்துகொள்ளத் தனக்கு வருடக்கணக்கில் ஆனது என்கிறார் ஹெர்பி.

'வெண்ணெய் ஸ்வரம்' கதையும் அதே பள்ளிக்கூடம்தான். ஒரு சமயம் தன் வாசிப்பு அலுத்துப்போய்த் தவித்துக்கொண்டிருந்தவரிடம் மைல்ஸ் அந்தக் கரகரத்த குரலில், வெண்ணெய் ஸ்வரங்களை வாசிக்காதே என்றாராம். வெண்ணெய் என்றால் கொழுப்பு, கொழுப்பு என்றால் வெளிப்படையாகத் தெரிவது என்று இவரே அர்த்தம் பண்ணிக்கொண்டு, கார்டிலிருந்து மூன்றாவது ஸ்வரத்தையும் ஏழாவது ஸ்வரத்தையும் எடுத்துவிட்டார். அது மேஜரா மைனரா என்று காட்டிக்கொடுக்கிற ஸ்வரங்கள் அவை. எடுத்துவிட்டால் சோலோ வாசிப்பவருக்கு எந்தப் பக்கமும் போக வழி திறந்திருக்கும். பழந்தட்டு சார் சொன்ன 'மெய்டன் வாயேஜ்' முழுக்கவே இப்படி முடிவு சொல்லாமல் தொங்குகிற கார்டுகள்தானே.

2007-இல் வந்த 'ரிவர்' தட்டில் எனக்குக் கேட்பது இந்தக் காதுதான். பாடகி ஜோனி மிட்செலின் பாட்டுகள். பதிவுக்கு முன்னால் வாசிப்பவர்களுக்கெல்லாம் பாட்டு வரிகளைக் கையில் கொடுத்தார், பியானோவும் ட்ரம்ஸும் வரிக்கு வாசிக்கட்டும் என்று. அதுவரைக்கும் தான் பாட்டு வரிகளைக் காதில் வாங்கினவனே இல்லை என்று ஒப்புக்கொள்கிறார், 67 வயதில்! கோரின் பெய்லி ரே 'ரிவர்' பாடும்போது பியானோ எத்தனை இடத்தில் சும்மா இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அடுத்த வருடம் கிராமியில் ஆண்டின் சிறந்த ஆல்பம் விருது, ஏமி வைன்ஹவுஸையும் கான்யே வெஸ்டையும் தாண்டி. ஜாஸ் தட்டு ஒன்றுக்கு அது கிடைத்தது 43 வருடத்தில் அதுதான் முதல் தடவை. முந்தையது 'கெட்ஸ்/ஜில்பெர்டோ'.

நாலுக்குநாலு எழுதியது:

ஸ்டுட்கார்ட் கதையை நான் படித்தது என் வாழ்க்கையில் தப்பான நேரத்தில். ஒரு வரவேற்புக் கச்சேரி, பாடகர் சரணத்துக்குள் நுழைகிறார், நான் கை தவறிப் பக்கத்துக் கட்டையில் முழுக் கார்டு வைத்துவிட்டேன். சரி, இவர் மைல்ஸ் மாதிரி ஏதாவது செய்து காப்பாற்றுவார் என்று ஒரு வினாடி நம்பினேன். அவர் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அன்றைக்கு எனக்குப் பாயசம் உள்ளே இறங்கவில்லை.

பிறகுதான் உறைத்தது. தப்பைச் சரியாக்கியது ஹெர்பி அல்ல, மைல்ஸ். கீழே வாசிக்கிறவன் தைரியம் மேலே இருக்கிறவர் காதில் இருக்கிறது. பின்னாளில் தானே தலைவராக ஆனபோது ஹெர்பி எடுத்துக்கொண்டது இதைத்தான் என்று நினைக்கிறேன். 'ஹெட் ஹன்டர்ஸ்' பேண்டின் தாளவாத்தியக்காரர் பில் சம்மர்ஸ் ஒரு பீர் பாட்டிலை எடுத்து ஊதுகிறேன் என்றால், ஊது என்கிறார். தாளத்துக்கு இசைத்தட்டைத் தேய்க்கிறேன் என்றால், தேய் என்கிறார்.

கட்டைவிரல் எழுதியது:

பீர் பாட்டிலா?

நாலுக்குநாலு எழுதியது:

'ஹெட் ஹன்டர்ஸ்' தட்டில் 'வாட்டர்மெலன் மேன்' மறுபடி வருகிறது, புதுத் தாளத்தில், ஹார்வி மேசன் மாற்றியமைத்தது. ஆரம்பத்தில் ஒரு குழலும் குரலும் மாறி மாறிக் கூவும். மத்திய ஆப்பிரிக்கக் காட்டு மக்கள் ஒரே ஸ்வரக் குழலையும் தங்கள் குரலையும் மாற்றி மாற்றி இசைக்கிற பாணி அது. பில் சம்மர்ஸ் அதைப் பாட்டிலில் ஊதிச் செய்தார். 1962, 1973 இரண்டையும் அடுத்தடுத்து கேளுங்கள். உங்கள் முதல் சந்தேகத்துக்கு என் பதில் அதுதான், ஒரு பாட்டிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

மழைக்காலம் எழுதியது:

இன்னொன்று, நம் ஆட்களுக்காக. 2010-இல் வந்த 'தி இமாஜின் ப்ராஜெக்ட்' தட்டின் கடைசிப் பாட்டு 'தி சாங் கோஸ் ஆன்'. பாடுவது சாக்கா கான், கூடவே நம் சின்னக்குயில் கே. எஸ். சித்ரா. சிதார் அனுஷ்கா சங்கர், சாக்ஸபோன் வேய்ன் ஷார்ட்டர். சித்ரா அம்மா குரல் சத்தமே போடாமல் உள்ளே வரும் இடத்தைத் தவறவிடாதீர்கள்.

பழந்தட்டு எழுதியது:

வாக்குக் கொடுத்தபடி 'கமீலியன்' கேட்டேன், இரண்டு தடவை. ரோட்ஸ் சோலோ நன்றாக இருக்கிறது. அதற்கு முன்னால் இருக்கிற ஏழு நிமிஷமும் இல்லாவிட்டால் அது அவ்வளவு நன்றாக இருக்காது என்றும் தெரிகிறது. இதை யாரும் பெரிதாக்க வேண்டாம். டிஸ்கோ தட்டுகள் விஷயத்தில் நான் நின்ற இடத்திலேயே நிற்கிறேன்.

ஒருவரிக்காரன் எழுதியது:

கிணற்றில் தண்ணீர் வற்றியிருக்கிறது.

கட்டைவிரல் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு 'வாட்டர்மெலன் மேன்'களையும் அடுத்தடுத்து கேட்டேன். முதலாவதில் வண்டி தெருவில் வருகிறது. இரண்டாவதில் அது நடுராத்திரியில் காட்டுக்குள் போகிறது.

நேற்று ராத்திரி கீபோர்டில் வெண்ணெயை எடுத்துப் பார்த்தேன். மூன்றையும் ஏழையும் விட்டுவிட்டு ஒரு மணி நேரம். வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "சில கட்டை வேலை செய்யவில்லையா? கடையில் கொடுத்துப் பார்க்கலாமே" என்றாள்.